வெள்ளவத்தையில் தைத்த வண்ணத்துப்பூச்சிச் சிறகு

வணக்கம், வணக்கம். சத்தம் கேட்கிறதா? மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பேசுகிறேன், அதனால் இன்னும் ஐந்து நிமிடத்தில் என் முகம் எண்ணெய் வடியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஒரு ஜப்பானியக் கதைப் பாத்திரமாக வேடம் போட்டு எடுத்துப் போட்ட அந்த ஒரு படத்துக்கு, "அக்கா, ஹாவோரி எங்கே வாங்கினீர்கள்?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். வாங்கவில்லை. அதாவது, முதலில் வாங்கினேன். அந்தக் கதையையும் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: நான் போட்ட வேடம் கோச்சோ ஷினோபு. கொயோஹாரு கொதோகே வரைந்த 'கிமெட்சு நோ யாய்பா' மங்காவில், அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையில், வருகிற பெண். 2019இல் அதன் அனிமே, அதாவது கார்ட்டூன் தொடர், வந்த பிறகு 'டீமன் ஸ்லேயர்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பேய்களின் தலையை வெட்டும் அளவுக்கு அவளுக்குக் கையில் பலம் கிடையாது. அதனால் விஸ்டீரியா என்ற ஊதாக் கொடிப் பூவிலிருந்து எடுத்த நஞ்சை வாளில் ஏற்றிக் குத்துவாள். சிரித்துக்கொண்டே குத்துவாள், அதுதான் எனக்குப் பிடித்தது. அவள் மேலே போடுகிற தளர்வான அங்கிதான் ஹாவோரி. வண்ணத்துப்பூச்சிச் சிறகு மாதிரி இருக்கும். வெள்ளையில் தொடங்கி, கை விளிம்புக்கு வர வர வெளிறிய மயில்கழுத்து நிறமும் இளஞ்சிவப்பும் கலந்து, ஓரத்தில் கறுப்பு நரம்புகள் ஓடும்.

சரி, வாங்கிய கதை. இணையத்தில் 12,000 ரூபாய்க்கு ஒன்று எடுத்தேன். கடைப் பெயர் வேண்டாம். இதோ, கிட்டக் கொண்டு வருகிறேன், பாருங்கள். பளபளவென்று பொலியெஸ்டர். தொங்கவிட்டால் அழகுதான். ஆனால் கையை இப்படித் தூக்கினால்... தெரிகிறதா? உள்பக்கம் வெள்ளை! துணியின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சடித்திருக்கிறார்கள். ஹாவோரிக் கை பை மாதிரி அகலமாக இருக்கும், நீங்கள் அசைந்தாலே உள்பக்கம் தெரியும். பறக்கிற மாதிரி படம் எடுத்தால் பாதிப் படத்தில் வெறும் வெள்ளைத் துணிதான் நிற்கும். ஒரு மணித்தியாலம் எடுத்துப் பார்த்தேன், எல்லாப் படத்திலும் கட்டில் விரிப்பைத் தூக்கிப் பிடித்த மாதிரி இருந்தது.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமென்றால் சாயம் துணிக்குள் இறங்க வேண்டும். அதற்கு இந்த ஊரில் ஆளா இல்லை? எங்கள் மேல்மாடியில் இருக்கிற சிங்கள அன்ரி இருபது வருடமாகப் பத்திக் செய்கிறவர், அதுதான் துணியில் மெழுகு பூசிச் சாயம் ஏற்றுகிற வேலை. படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது மெழுகு வேலைதானே மகள், இதற்கா அழுதுகொண்டு இருந்தாய்?" என்றார்.

புறக்கோட்டைக் கடைகளுக்குப் போய் வெள்ளைக் கொட்டன் வொயில், அதாவது மெல்லிய பருத்தித் துணி, நாலு மீற்றர் வாங்கினேன். பொலியெஸ்டரில் பத்திக் சாயம் பிடிக்காது, அதனால் கடைக்காரர் 'மிக்ஸ்' என்று சொன்னால் எடுக்காதீர்கள். சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகி மணியாகச் சுருளும். கடைக்குள்ளே வைத்துச் செய்யாதீர்கள், நான் செய்து திட்டு வாங்கினேன். பிறகு துணியை நன்றாகத் துவைத்துக் கஞ்சியை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சாயம் திட்டுத் திட்டாக ஏறும்.

முதலில் வெளிறிய நிறங்கள். ஈரத் துணியில் தூரிகையால் இளஞ்சிவப்பைப் போட்டு, மயில்கழுத்தைப் போட்டு, நடுவில் இரண்டும் தாமாகக் கலக்க விட்டோம். சலவைச் சோடா போட்டு ஊறவைத்த துணி, இரவு முழுக்கப் பொலித்தீனில் சுற்றிவைக்க வேண்டும். மயில்கழுத்து மட்டும் பிடிவாதக்காரன், மற்ற நிறத்தை விட மெதுவாகத்தான் ஒட்டும். அவசரப்பட்டு அலசியதால் முதல் துண்டில் அது பாதி கழுவிக்கொண்டு போய்விட்டது. இரண்டாவது துண்டை அடுத்த நாள் மத்தியானம் வரை தொடவே இல்லை.

அடுத்தது மெழுகு. இங்கேதான் மூளையைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். கறுப்பு நரம்பை நாம் வரையப் போவதில்லை. நரம்புக்கு நடுவில் இருக்கிற கட்டங்களை எல்லாம் மெழுகால் மூடிவிட்டு, நரம்பு ஓடுகிற கோட்டை மட்டும் வெறுமையாக விட்டு, அதன்மேல் கறுப்பைப் பூச வேண்டும். ஒரு கைக்கு மட்டும் அறுபத்தி மூன்று கட்டம். எண்ணினேன், வேறு என்ன செய்ய! பரபின் மெழுகு மட்டும் போட்டால் காய்ந்து வெடிக்கும், அந்த வெடிப்பில் கறுப்பு நூல் நூலாக உள்ளே இறங்கும். தேன்மெழுகு கலந்தால் வளைந்து கொடுக்கும், அவ்வளவு வெடிக்காது. அன்ரி பாதிக்குப் பாதி கலந்தார். விளிம்பில் மட்டும் பரபினைக் கூட்டச் சொன்னேன். பாருங்கள்... இந்த மூலையில், மயிர் மாதிரி ஓடுகிறதே, அது யாரும் வரைந்தது இல்லை. துணியைக் கையில் கசக்கியபோது மெழுகு வெடித்து வந்தது. உண்மையான சிறகில் இருக்கிற மாதிரியே இருக்கிறது, இல்லையா?

பொறுங்கள். கேட்கிறதா? வண்டியில் மெட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்கிறவன் வந்துவிட்டான். அந்த மெட்டு முடிகிற வரைக்கும் பேச முடியாது... சரி, போய்விட்டான். எனக்குப் பிடித்த மீன் பணிஸ், மாலுபாணும் போச்சு.

தைப்பதற்கு வெள்ளவத்தையில் நான் சட்டை கொடுக்கிற டெய்லர் ஐயாவிடமே போனேன். "என்ன பிள்ளை இது, லோயர் கவுனா?" என்றார். "அதே மாதிரிதான் ஐயா, முன்னுக்குப் பொத்தான் இல்லை, கை நீளச் சதுரம்" என்றேன். ஹாவோரியில் உடம்பை ஒட்டுகிற வளைவு கிடையாது, எல்லாம் நேர்த் துண்டுகள். கிமோனோத் துணி அகலம் குறைவானது என்பதால் முதுகின் நடுவில் நேராக ஒரு தையல் வரும். அதையும் கேட்டு வாங்கினேன். ஆனால் முப்பது வருடம் சாரி பிளவுஸ் தைத்த கை சும்மா இருக்குமா? போய்ப் பார்த்தால் உடம்போடு ஒட்டி நிற்க முன்பக்கம் இரண்டு டாட், அதாவது மடிப்புத் தையல், பிடித்து வைத்திருக்கிறார். "பெண்பிள்ளை போடுறது, வடிவாய் நிக்க வேணாமே?" என்று கேட்கிறார். கெஞ்சிக் கூத்தாடிப் பிரிக்க வைத்தேன்.

இன்னொன்று, ஷினோபுவின் உயரம் 151 சென்டிமீற்றர். நான் 163. ஹாவோரியை அப்படியே பெரிதாக்கினால் போதாது, சிறகுக் கட்டங்களையும் அதே விகிதத்தில் பெரிதாக்க வேண்டும். இல்லாவிட்டால் படத்தில் நான் இன்னும் நெட்டையாகத் தெரிவேன்.

மற்றவை எல்லாம் வேகமாக. விக் கறுப்பு, நுனிக்கு அழியாத மார்க்கர் மையை ஸ்பிரிட்டில் கரைத்துத் தெளித்தேன், செயற்கை முடியில் அது பிடிக்கும். தலையில் இருக்கிற வண்ணத்துப்பூச்சி இரண்டு மில்லிமீற்றர் போம் ஷீட். வாள் நடுவில் ஊசி மாதிரி மெலியும் என்பதால் போம் மட்டும் தாங்காது, உள்ளே மூங்கில் சிம்பு வைத்தேன். அதைப் பையில் சுற்றித்தான் கொண்டுபோக வேண்டும். கொழும்பில் பேருந்தில் வாளோடு ஏறிப் பாருங்கள், என்ன நடக்கும் என்று! கண்ணுக்கு ஊதா லென்ஸ் போடவில்லை. போடுவதென்றால் கண் மருத்துவரிடம் காட்டி அளவெடுத்துப் போடுங்கள். நான் கணினியில் நிறம் மாற்றினேன், வெட்கமே இல்லை.

இப்போது படம். விஸ்டீரியா இல்லாமல் ஷினோபு இல்லை, விஸ்டீரியா நம்மூரில் இல்லை. ஜப்பானில் அது ஏப்ரல் கடைசி, மே மாதத்தில் பூக்கும். அதே நேரத்தில் கொழும்பில் கறுவாத்தோட்டம் பக்கம் ஒரு வீதியில் பூமருது ஊதாவாகப் பூத்துக்கிடந்தது. சிங்களத்தில் முருத என்பார்கள். ஒரே ஒரு சிக்கல்: விஸ்டீரியாப் பூங்கொத்து கீழே தொங்கும், பூமருது மேலே நிமிர்ந்து நிற்கும். அதனால் கீழே விழுந்து கிடந்த ஒரு சிறிய கிளையை எடுத்து, குடைக்கம்பியில் தலைகீழாகக் கட்டி, லென்ஸுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டோம். 50 மில்லிமீற்றர் லென்ஸின் துளையை எஃப் 1.8க்கு அகலத் திறந்து வைத்தால் அது மங்கலான ஊதாத் திட்டாகிவிடும். எந்தப் பூ என்று யார் கேட்கப் போகிறார்கள்?

காலை ஆறு மணிக்கே போய்விட்டோம். இங்கே சூரியன் மளமளவென்று ஏறிவிடும், எட்டு மணி தாண்டினால் விக்கின் நிழல் கண்ணில் விழும். ஏப்ரல் காலையில் காற்றும் இல்லை. பிறகு எப்படிச் சிறகு பறந்தது? தங்கூசி! மீன்பிடிக்கிற நைலோன் நூல். இரண்டு கையின் கீழ் மூலையிலும் கட்டி, தோழி எனக்குப் பின்னால் குந்தியிருந்து சுண்டினாள். நான் திரும்ப, அவள் சுண்ட, தம்பி எடுக்க. அசைவு உறைந்து நிற்க ஷட்டர் வேகம் 1/1000 செக்கன். முப்பது தடவை செய்த பிறகு பக்கத்து வீட்டுக் காவலாளி வந்து "மே மொகக்த நங்கி?" என்று கேட்டார், இது என்னம்மா என்று. விளக்கிச் சொன்னதும், வெளிச்சத்தைத் திருப்பக் கொண்டுபோன ரெஜிபோம் (தெர்மோகோல்) பலகையைப் பிடித்துக்கொண்டு அவரும் நின்றுவிட்டார்.

அந்தப் பலகை இல்லாவிட்டால் படமே இல்லை. சூரியனை எனக்குப் பின்னால் வைத்தோம், முகம் இருட்டடித்தது. வெள்ளை ரெஜிபோமில் பட்டுத் திரும்பிய வெளிச்சம்தான் முகத்தைக் காப்பாற்றியது. சூரியன் பின்னால் வந்ததும் கை இரண்டும்... எப்படிச் சொல்வது, வெசாக் காகிதக் கூட்டுக்குள் விளக்கேற்றிய மாதிரி. சாயம் துணிக்குள் இறங்கியிருந்ததால் உள்பக்கம், வெளிப்பக்கம் என்ற வித்தியாசமே இல்லை. ஒரு கையின் உள்பக்கம் கமராவைப் பார்க்கிறது, மற்றதன் வெளிப்பக்கம் பார்க்கிறது, எது எது என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

மொத்தம் 214 படம், வைத்துக்கொண்டது நாலு. தங்கூசியை அழிக்க மட்டும் இரண்டு இரவு.

நேற்று டெய்லர் ஐயாவிடம் தொலைபேசியில் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கினார். முகத்தை இல்லை, பூவை இல்லை, நேராகத் தோளுக்குப் போனார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இடப்பக்கத் தையல் இழுக்குது பிள்ளை. கொண்டு வாங்கோ, பிரிச்சுத் தாறன்" என்றார்.