பார்த்த பின்பும் மாறாதவர்கள்

(காட்சி: எருசலேம் கோவில் முற்றத்தின் ஓவியம்)

"எந்த அதிகாரத்தால் இவற்றைச் செய்கிறீர்?" கோவிலில் கற்பித்துக்கொண்டிருந்த இயேசுவைத் தலைமைக் குருக்களும் மூப்பர்களும் இப்படிக் கேட்டார்கள். முந்தின நாள்தான் அங்கே நாணயம் மாற்றுவோரின் மேசைகளை அவர் கவிழ்த்திருந்தார். அவர் திருப்பிக் கேட்டார்: யோர்தான் கரையில் மனமாற்றத்தைப் போதித்த யோவான் கொடுத்த திருமுழுக்கு விண்ணகத்திலிருந்து வந்ததா, மனிதரிடமிருந்து வந்ததா?

அவர்கள் யோசித்தார்கள்: விண்ணகம் என்றால், "பிறகு ஏன் நம்பவில்லை?" என்பார். மனிதர் என்றால், யோவானை இறைவாக்கினராக மதிக்கும் மக்கள் சும்மா விடமாட்டார்கள். கலந்து பேசிவிட்டு, "தெரியாது" என்றார்கள். மறைநூலைக் கரைத்துக் குடித்தவர்களின் பதில் இது!

அப்போதுதான் இரு மகன்கள் உவமை வருகிறது. திராட்சைத் தோட்டத்துக்குப் போகச் சொன்ன தந்தையிடம் ஒருவன் முடியாது என்றான். பின்பு மனம் மாறிப் போனான். மற்றவன் "போகிறேன் ஐயா" என்றான், போகவில்லை. தொடர்ந்து இயேசு சொல்கிறார்: வரிதண்டுவோரும் விலைமகளிரும் உங்களுக்கு முன்பாகவே இறையாட்சிக்குள் செல்கிறார்கள்.

(காட்சி: யோர்தான் ஆற்றங்கரை)

வரிதண்டுவோரை மக்கள் வெறுத்ததற்குக் காரணம் இருந்தது. ஆளும் அந்நியருக்காகச் சொந்த மக்களிடம் வசூலித்தார்கள். விதித்ததற்கு மேலும் பறித்தார்கள். இயேசு அந்தக் குற்றத்தை மூடி மறைக்கவில்லை. யோவானிடம் வந்து, "நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று அவர்களே கேட்டதை லூக்கா பதிவு செய்திருக்கிறார். "குறித்த அளவுக்கு மேல் வாங்காதீர்கள்" என்றார் யோவான். அவர்களுடைய மனமாற்றம் அன்றாடக் கணக்கில், கையில் வாங்கும் காசில் தெரிய வேண்டியிருந்தது.

பல மறையுரைகள் இந்த உவமையோடு முடிந்துவிடுகின்றன. எனக்கு மிகக் கனமாகத் தெரிவது அடுத்த வசனம், மத்தேயு 21:32. யோவானைத் தலைவர்கள் நம்பவில்லை என்பதோடு இயேசு நிறுத்தவில்லை. பாவிகள் நம்பி மாறியதைக் கண்ணால் பார்த்த பின்பும் நீங்கள் மாறவில்லை என்கிறார். முதல் மறுப்பையாவது தயக்கம் என்று சொல்லலாம். பறித்தவன் நேர்மையாக நிற்பதைக் கண்டும் அசையாத மனத்தை என்னவென்று சொல்வது? அவனைப் பின்பற்றினால் அவனுக்குப் பின்னால் நிற்க வேண்டியிருக்கும். அந்த இடம்தான் அவர்களுக்குக் கசந்தது என்று நினைக்கிறேன்.

(காட்சி: புதுச்சேரி மிஷன் வீதி, சம்பா கோவில்)

நம் புதுச்சேரிக்கும் இதில் பங்கு உண்டு. இன்றைய பேராலயம் 1791இல் எழுந்தது. அதற்கு முன் இங்கிருந்த ஆலயத்துக்குள் ஒரு சுவர் நின்றது: ஒரு பக்கம் தலித் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியரும். ஒதுக்கப்பட்டவர்கள் திரண்டு போய்க் குருவிடம் முறையிட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது. 1745இல் நடந்த இதை அக்காலப் புதுச்சேரி வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

இங்கே ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வரிதண்டுவோரை ஒதுக்கியது அவர்கள் செய்ததற்காக. இவர்களை ஒதுக்கியது பிறப்புக்காக. சுவருக்கு அப்பால் நிறுத்தப்பட்டவர்கள் எந்தப் பாவத்துக்காகவும் அங்கே நிற்கவில்லை. மனம் மாற வேண்டியிருந்தவர்கள், சுவரைக் கட்டி வைத்துக்கொண்டு அதே செபங்களைச் சொன்னவர்கள். சுவர் போன பிறகும் பிரிவினை போய்விடவில்லை. கல்லறைத் தோட்டம் வரை சாதி பார்க்கும் ஊர்கள் தமிழகத்தில் இன்றும் இருக்கின்றன.

(காட்சி: திறந்த திருவிவிலியம்)

தலைவர்களுக்கு இடமே இல்லை என்று இயேசு சொல்லவில்லை. மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள் என்றார். யூதத் தலைவர்களுள் ஒருவரான நிக்கதேம் முதலில் இரவில்தான் அவரிடம் வந்தார். சிலுவைச் சாவுக்குப் பின் உடலை அடக்கம் செய்ய நறுமணப் பொருள்களோடு வெளிப்படையாக வந்தார். எருசலேமில் குருக்களுள் பெருங்கூட்டத்தார் நம்பிக்கை கொண்டதாகத் திருத்தூதர் பணிகள் 6:7 சொல்கிறது. மீனவர்களும் முன்னாள் வரிதண்டுபவரும் ஏற்கெனவே இருந்த சபையில்தான் அவர்கள் வந்து சேர்ந்தார்கள்.