பழைய பிளேனர் ஹெட்போனில் வயசாவது எது?

[திரை: கறுப்புத் துணிமேல் ஒரே மாதிரி இரண்டு ஹெட்போன்கள். கேமரா மெதுவாக நெருங்குகிறது.]

இந்த ரெண்டும் யமஹா ஹெச்பி-1, பிளேனர்ங்கற வகை ஹெட்போன். 1976-ல வந்த மாடல். வடிவமைச்சவர் இத்தாலிக்காரர் மரியோ பெல்லினி. ஒலிவெட்டி கம்பெனிக்குக் கால்குலேட்டர் வடிவமைச்ச அதே ஆள். இன்னிக்கு மேஜைமேல வச்சாலும் கண்ணு நேரா அங்கதான் போகுது.

பாக்க ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கு. கேட்டா அப்படியில்ல. இடது பக்கம் இருக்கறதை மாட்டினா பேஸ் அடி வரைக்கும் இறங்குது, குரல் நடுவுல நிமிர்ந்து நிக்குது. வலது பக்கம் இருக்கறதை மாட்டினா தகர டப்பாவுக்குள்ள யாரோ பாடற மாதிரி இருக்கு. இவ்வளவுக்கும் ரெண்டுலயும் டிரைவர், அதாவது சத்தத்தை உண்டாக்கற பாகம், நல்லா இருக்கு, சோதிச்சுப் பாத்துட்டேன். அப்ப கோளாறு எங்க?

அதைச் சொல்லணும்னா முதல்ல உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்.

[திரை: சாதா டிரைவரின் வெட்டுத்தோற்றம். பிறகு பிளேனர் டிரைவரின் அடுக்குகள் ஒவ்வொன்றாகப் பிரிகின்றன.]

நாம தினமும் மாட்டற சாதாரண ஹெட்போன்ல ஒரு சின்ன கூம்பு இருக்கும். அதோட பின்னாடி கம்பிச்சுருள் ஒட்டியிருக்கும். கரண்ட் போனா சுருள் அசையும், அது கூம்பைத் தள்ளும். விரிச்ச போர்வையைக் கீழேர்ந்து ஒரு கம்பால தூக்கற மாதிரி: கம்பு படற இடம் முதல்ல எழும்பும், ஓரம் பின்னாடியே வரும்.

பிளேனர்ல கம்பு கிடையாது. மெல்லிசான பிளாஸ்டிக் ஃபிலிம், அதுமேல அச்சடிச்ச உலோகக் கோடு. ஃபிலிமுக்கு ரெண்டு பக்கமும் துளை போட்ட காந்தங்கள். கரண்ட் அந்தக் கோட்டுல ஓடும்போது காந்தப்புலம் கோட்டைத் தள்ளுது. கோடு ஃபிலிம் பூரா பரவியிருக்கறதால, காத்து அடிச்சா போர்வை மொத்தமா உப்புமே, அப்படி முழுப் பரப்பும் சேர்ந்து அசையுது. யமஹாவுல இந்தக் கோடு வட்டமா சுருண்டு போகும். ஜப்பான் கம்பெனி ஃபாஸ்டெக்ஸோட டி50ஆர்பி மாடல்ல மேலும் கீழுமா மடிஞ்சு மடிஞ்சு போகும். தத்துவம் ஒண்ணுதான்.

ஆனா பேர் மட்டும் ஒண்ணு இல்ல. தேடி வாங்கறவங்களுக்கு முதல் தலைவலியே இதுதான். யமஹா இதை ஆர்த்தோடைனமிக்னு சொல்லுச்சு. பிரிட்டனோட வார்ஃப்டேல் ஐசோடைனமிக்னு சொல்லுச்சு. ஃபாஸ்டெக்ஸ் வச்ச பேரு ரெகுலர் ஃபேஸ். டி50-க்குப் பின்னாடி வர்ற 'ஆர்பி' அதோட சுருக்கம்தான். சோவியத் காலத்து டிடிஎஸ்-5 மாதிரி மாடல்களும் இதே குடும்பம். எல்லாப் பேரையும் போட்டுத் தேடணும். இன்னொண்ணு, ஹெட்போனோட தனியா ஒரு பெட்டி வந்து, அதுல செருகித்தான் பாடும்னா அது எலக்ட்ரோஸ்டாட்டிக் வகையாத்தான் இருக்கும், காந்தத்துக்குப் பதிலா மின்னழுத்தத்துல ஃபிலிமை அசைக்கறது. நல்ல சாமான்தான், ஆனா நம்ம கதை வேற.

[திரை: காந்தத் தகடு தராசில் வைக்கப்படுகிறது.]

இது ஏன் இவ்வளவு கனம்? அந்தக் காலத்துல கையில இருந்தது ஃபெரைட் காந்தம். அதைவிட ரொம்ப பலமான நியோடிமியம் காந்தத்தைக் கண்டுபிடிச்சதே 1980-கள் தொடக்கத்துல. அதுக்கு முந்தின டிசைன்ல பலம் வேணும்னா பெரும்பாலும் காந்தத்தைப் பெருசாக்கணும். அப்பவும் சத்தம் குறைவாத்தான் வரும்.

ஒரு கணக்கு போடுவோம். பின்னாடி வந்த டி50ஆர்பி எம்கே3-ஐயே எடுத்துக்கலாம்: இம்பீடன்ஸ், அதாவது கரண்டுக்கு அது காட்டற தடை, 50 ஓம்; 1 மில்லிவாட் பவருக்கு 92 டெசிபல் சத்தம். ஒவ்வொரு 10 டெசிபல் ஏறவும் பத்து மடங்கு பவர் வேணும். அப்ப இசையோட உச்சத்துல 112 டெசிபல் தொடணும்னா 100 மில்லிவாட். அதாவது கிட்டத்தட்ட 2.2 வோல்ட், 45 மில்லிஆம்பியர். 1 வோல்ட் தர்ற, ஃபோன்ல மாட்டற ஒரு சின்ன டாங்கிள்ல செருகினா 20 மில்லிவாட்தான் கிடைக்கும், 105 டெசிபல்லோட நின்னுடும். பாட்டு கேக்கும். மேளம் மொத்தமா இறங்கற இடத்துல மட்டும் மூச்சு வாங்கும்.

1979-ல வாக்மேன் வந்துச்சு, கூடவே இறகு மாதிரி லேசான ஹெட்போனும் வந்துச்சு. கனமாவும் இருந்துக்கிட்டு பவரும் கேக்கற ஜாதிக்கு அதுக்கப்புறம் யார் இடம் கொடுப்பா? பிளேனர் ஓரமாப் போயிடுச்சு. ஹைஃபைமேன், ஆடீஸ் ரெண்டு கம்பெனியும் 2009, 2010 வாக்குல புது மாடல்களோட வந்த பிறகுதான் ஊர்க்கண்ணு மறுபடி இந்தப் பக்கம் திரும்புச்சு. நடுவுல இருந்த வருஷங்கள்ல இதை உயிரோட வச்சிருந்தது ஃபாஸ்டெக்ஸும், பழசைத் தேடித் தேடிப் பிரிச்சுப் பாத்தவங்களும்தான்.

[திரை: இரண்டு வரைபடங்கள். ஒன்றில் மேடு, இன்னொன்றில் நேர்க்கோடு.]

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இந்த வரைபடத்தைப் பாருங்க. சாதாரண டிரைவரோட இம்பீடன்ஸ் ஒரு இடத்துல மேடு மாதிரி எழும்புது. டயஃப்ரம், அதாவது அந்தக் கூம்பு, இயல்பா ஊஞ்சலாட விரும்பற அதிர்வெண் அது, ரெசனன்ஸ். பிளேனர்ல இந்தக் கோடு கிட்டத்தட்ட நேரா இருக்கு. இதை வச்சு ஒரு லாபம் உண்டு: எந்த ஆம்பிளிஃபயர்ல செருகினாலும் தொனி பெருசா மாறாது.

ஆனா அந்த நேர்க்கோடு இன்னொரு சேதியும் சொல்லுது. சாதாரண ஹெட்போன்ல சுருள் அசையும்போது அது ஒரு குட்டி ஜெனரேட்டர் ஆகுது. அந்த மின்சாரம் ஆம்பிளிஃபயர் வழியா திரும்பி வந்து ஊஞ்சலைப் பிடிச்சு நிறுத்துது. பிளேனர்ல, அதுவும் ஃபெரைட் காலத்துப் பிளேனர்ல, இந்தப் பிரேக் ரொம்ப பலவீனம். ஆனா ஃபிலிமும் ஊஞ்சலாடத்தான் பாக்கும். அப்ப அதை யார் பிடிக்கறது?

[திரை: டிரைவரின் பின்புறம். விரல் ஒரு சாம்பல் நிறத் துணி வட்டத்தைத் தொடுகிறது.]

இந்தத் துணிதான். டிரைவருக்குப் பின்னாடி ஒட்டியிருக்கற ஃபெல்ட். ஃபிலிம் அசையும்போது காத்து இதுக்குள்ள திணறித் திணறித்தான் போகணும், அந்தத் திணறல்தான் பிரேக். கொஞ்சம் கனமாப் போட்டா பேஸ் இளைச்சு, சத்தம் அடைச்ச மாதிரி ஆகும். கொஞ்சம் மெலிசாப் போட்டா ரெசனன்ஸ் இருக்கற இடத்துல வீங்கும். யமஹா இஞ்சினியர்கள் எந்த இடத்துல நிறுத்தணும்னு முடிவு பண்ணாங்களோ, அந்த முடிவு காந்தத்துல இல்ல, இந்தத் துணியில இருக்கு.

ஃபிலிமும் காந்தமும் பத்திரமா இருந்தா பல பத்தாண்டு கடந்தும் அப்படியே இருக்கும். துணி அப்படியில்ல. பசை காஞ்சு ஓரம் தூக்கிக்கும். ஃபோம் வச்சிருந்தா தொட்டாலே பொடியா உதிரும். இயர்பேடு வெடிச்சுத் தட்டையாகும். பழைய பிளேனரை வாங்கும்போது நம்ம கைக்கு வர்றது பாதி ஹெட்போன். மீதிப் பாதி உதிர்ந்து போயிருக்கு.

பேடைப் பத்தி நிறைய பேர் அலட்சியமாத்தான் பேசுவாங்க, காதுக்கு மெத்தைதானேன்னு. காதுக்கும் ஃபிலிமுக்கும் நடுவுல இருக்கற குட்டிக் காத்தறைக்குச் சுவரே அதுதான். பேஸ்ங்கறது அந்த அறைக்குள்ள ஏறி இறங்கற அழுத்தம். சுவர்ல ஒரு விரிசல் விழுந்தா அழுத்தம் வெளிய ஓடிடும். கண்ணாடி போட்டவங்க அதைக் கழட்டிட்டு ஒரு தடவை கேட்டுப் பாருங்க, நான் சொல்றது புரியும். பேடு தட்டையானா ஃபிலிமும் காதுக்கிட்ட வந்துடும், அதுல மேல் சுருதிகளும் மாறும்.

[திரை: மல்ட்டிமீட்டர், ஹெட்போன் பிளக்.]

வாங்கும்போது மல்ட்டிமீட்டர் கையில இருந்தா பாதி வேலை முடிஞ்சுது. பிளேனர்ல மீட்டர் காட்டற ரெசிஸ்டன்ஸும் அட்டையில போட்டிருக்கற இம்பீடன்ஸும் ஏறக்குறைய ஒண்ணாவே இருக்கும். ஹெச்பி-1-க்கு 150 ஓம். ரெண்டு பக்கமும் அதையொட்டி வந்தா நல்லது. ஒரு பக்கம் ஒண்ணுமே காட்டலைன்னா டிரைவர் செத்துப்போச்சுன்னு முடிவு கட்டாதீங்க, முதல்ல கேபிளைச் சந்தேகப்படுங்க. அடுத்து, மெதுவான சத்தத்துல 20 ஹெர்ட்ஸ்லேர்ந்து ஒரு ஸ்வீப், அதாவது அடிச் சுருதியிலேர்ந்து மேல ஏறிக்கிட்டே போற ஒலி, ஓட்டுங்க. எங்கயாவது 'ஸ்ர்ர்'னு வந்தா ஃபிலிம்மேல முடியோ இரும்புத்தூளோ உக்காந்திருக்கலாம். கப்பை உள்ளங்கையில வேகமா அழுத்திப் பாக்கற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, ஃபிலிம் காந்தத்துல போய் அறைஞ்சு மடிஞ்சுடும்.

ஒப்பிடறது தனிக்கலை. காது கொஞ்சம் கூட நம்பகமான சாட்சி இல்ல. ஒரு டெசிபல் சத்தம் கூடினாலே "இது தெளிவா இருக்கு"ன்னு சொல்லும். சத்தம் ஏறும்போது நமக்கு பேஸும் கூடுதலாக் கேக்கும். ஃபிளெட்சர், மன்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933-லயே இதை அளந்து வச்சுட்டாங்க. அதனால ரெண்டு ஹெட்போனையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவராம தீர்ப்பு சொல்றது வெட்டிப்பேச்சு.

[திரை: பலகையில் துளை, அதில் பதித்த சின்ன மைக்.]

நான் வச்சிருக்கறது இவ்வளவுதான்: ஒரு தட்டைப் பலகை, நடுவுல துளை, துளைக்குள்ள ஒரு குட்டி மைக். இது காது இல்ல, இதுல வர்ற வரைபடத்தை இன்னொருத்தர் வரைபடத்தோட ஒப்பிட முடியாது. ஆனா இதே பலகையில, இதே ஹெட்போனோட, மாத்தறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடுத்தா வித்தியாசம் நம்பத்தகுந்தது. ஒவ்வொரு தடவையும் எடுத்து மறுபடி வச்சு, அஞ்சு அளவாவது எடுக்கறேன். வைக்கற கோணத்துலயே பேஸ் ரெண்டு மூணு டெசிபல் ஆடும்.

[திரை: டி50ஆர்பி கப் திறக்கப்படுகிறது.]

மாத்தறதுன்னு வந்தா எல்லாரும் டி50ஆர்பியில கை வைக்கறதுக்குக் காரணம் உண்டு. சுலபமாக் கிடைக்குது, ஸ்க்ரூவைக் கழட்டினா திறக்குது, டிரைவர் அந்தக் கப்பை விட நல்ல வீட்டுக்கு ஏத்தது. மெலிசான பிளாஸ்டிக் சுவர் தானும் சேர்ந்து பாடும். மாடலிங் களிமண்ணை உள்பக்கம் அப்பினா வாயை மூடும். உள்ள கொஞ்சம் பஞ்சு வச்சா எதிரொலி அடங்கும். காத்துத் துளைமேல காயத்துக்கு ஒட்டற காகித டேப்பை ஒவ்வொரு அடுக்கா ஒட்டி பேஸைச் சரிபண்ணலாம். அந்த டேப்புக்குள்ள காத்து போகும், அதுதான் விஷயம். செல்லோ டேப்பை ஒட்டினா துளையை அடைச்சதுக்குச் சமம். பஞ்சு ரெண்டு பக்கமும் ஒரே எடை இருக்கட்டும். கண்ணளவை நம்பினா பாடகர் ஒரு பக்கமா நகர்ந்துடுவார்.

என் முதல் டி50ஆர்பியில களிமண், பஞ்சு, புது பேடு, டேப்பு நாலையும் ஒரே ராத்திரியில பண்ணினேன். காலையில கேட்டா சேத்துக்குள்ள பாடற மாதிரி இருந்துச்சு. எது கெடுத்துச்சுன்னு கண்டுபிடிக்க நாலையும் திரும்பக் கழட்ட வேண்டியதாப் போச்சு. அதுல ஒரு இரும்பு ஸ்க்ரூடிரைவரைக் காந்தம் 'டக்'குனு இழுத்தது. துளை வழியா நுனி ஃபிலிமைத் தொட்டுடுச்சு. அந்த ஹெட்போன் டிரைவர் இப்ப இந்த வீடியோவுல வெட்டிக் காட்டறதுக்குத்தான் உதவுது. இப்ப காந்தம் இழுக்காத கருவி மட்டும்தான் டிரைவர் பக்கம் போகும்.

ஹெச்பி-1-ல நான் ஓட்டை போட மாட்டேன், வெட்டவும் மாட்டேன். மறுபடி பழையபடி ஆக்க முடியாத எதையும் அதுல செய்யறதில்ல. டி50ஆர்பி வேணும்னா இன்னொண்ணு வாங்கிக்கலாம். இது அப்படியில்ல.

[திரை: மீண்டும் அந்த இரண்டு ஹெச்பி-1.]

சரி, இந்த ரெட்டையருக்கு வருவோம். முதல்ல பேடை மட்டும் இடம் மாத்தினேன். நல்லா இருந்தது தகர டப்பா ஆச்சு. டப்பா முக்கால்வாசி சரியாச்சு. அந்தக் கால்வாசி எங்கன்னு வலது பக்கத்தானைத் திறந்தா, ஃபெல்ட் ஒரு ஓரத்துல பிரிஞ்சு நிக்குது. காத்து திணறாம அந்தச் சந்து வழியா ஓடியிருக்கு. அதே கனத்துல புது ஃபெல்ட் வெட்டி ஒட்டினேன், ரெண்டுக்கும் ஒரே மாதிரி புது பேடு போட்டேன். பலகையில வச்சா நடுச் சுருதிகள்ல ரெண்டு கோடும் ஒண்ணுமேல ஒண்ணு படுத்துக்குச்சு. மேல, டிரம்ஸோட ஹை-ஹாட் தட்டு சிணுங்கற இடத்துல மட்டும் இன்னும் ஒரு இழை வித்தியாசம் இருக்கு.

பிரிச்செடுத்த பழைய ஃபெல்ட் இந்தக் கவர்ல இருக்கு. மேல தேதியும், இடதா வலதாங்கறதும் எழுதியிருக்கேன்.

[திரை: கவர் ஒரு பெட்டிக்குள் போகிறது. பெட்டியில் அதே மாதிரி இன்னும் பல கவர்கள்.]