கேமராவுக்கு முன்னால் இருப்பவளுக்கும் பேச்சு உண்டு

நடுவர் அவர்களே, என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் எதிரணி அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம்.

பெண்களின் வாழ்க்கையை உள்ளபடி சொல்வது கதைப்படமா, ஆவணப்படமா என்பது தலைப்பு. ஆவணப்படமே என்பது எங்கள் அணி. எனக்கு முன் பேசிய அண்ணன், "ஆவணப்படத்தை யார் ஐயா பார்க்கிறார்கள்? வருவதே முப்பது பேர், அதில் பத்துப் பேர் பாதியில் எழுந்து போய்விடுவார்கள்" என்றார். நல்ல கைதட்டல். ஆனால் தலைப்பு அதுவல்லவே! தலையை எண்ணித்தான் தீர்ப்பு என்றால் நடுவர் எதற்கு? டிக்கெட் கவுண்டரில் கேட்டால் போதும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1980இல் ஆவணப்பட இயக்குநர் தீபா தன்ராஜும் நண்பர்களும் 'யுகாந்தர்' என்று ஒரு திரைப்படக் குழுவைத் தொடங்கினார்கள். 1981இல் வந்த 'மோல்கரீன்' புனே நகரத்து வீட்டு வேலைக்காரப் பெண்களைப் பற்றியது. வேலைநிறுத்தம் செய்து, சங்கம் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் அவர்கள். நம் கதைப்படங்களில் வீட்டு வேலைக்கார அம்மா என்ன செய்வார்? காபி கொண்டுவந்து வைப்பார், ஒரு வசனம் பேசிச் சிரிக்க வைப்பார், அடுத்த காட்சியில் காணாமல் போய்விடுவார். 'மோல்கரீன்' படத்தில் வேலையைப் பற்றியும் கூலியைப் பற்றியும் சங்கத்தைப் பற்றியும் பேசுவது அவர்களேதான்.

அடுத்து, கர்நாடகத்தின் நிப்பாணி. புகையிலைத் தொழிற்சாலைப் பெண்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு குழு நேரே உள்ளே நுழைந்துவிடவில்லை. அந்தப் பெண்களோடு பழகி, எதைக் காட்டுவது என்று அவர்களோடு கலந்து பேசித்தான் 1982இல் படம் எடுத்தது. இந்த இடம்தான் என் வாதத்தின் அடித்தளம்: யாருடைய வாழ்க்கையோ, படத்தில் அவருக்கும் ஒரு பேச்சு உண்டு.

இப்போது எதிரணி துள்ளிக் குதிக்கக்கூடிய ஒரு செய்தியை நானே சொல்லிவிடுகிறேன். 1983இல் இதே குழு, ஐதராபாத்தின் ஸ்திரீ சக்தி சங்கடனா என்ற பெண்கள் அமைப்போடு சேர்ந்து, வீட்டுக்குள் நடக்கும் அடி உதையைப் பற்றி ஒரு படம் எடுத்தது. அது நடிக்க வைத்து எடுத்த கதைப்படம்! ஏன் அப்படி? எனக்குத் தோன்றுவது இது: அடி வாங்கிய பெண்ணின் முகத்தைத் திரையில் காட்டிவிட்டு, அவளை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்ப முடியுமா? அந்தக் கதையும் யாரோ ஒருவர் அறைக்குள் உட்கார்ந்து எழுதியதல்ல, பெண்கள் கூடிப் பேசியதிலிருந்து பிறந்தது. கதை சொல்லும்போதும் ஆவணப்படக்காரர்கள் தங்கள் வழக்கத்தை விடவில்லை. அதனால் அந்த மதிப்பெண்ணும் எங்களுக்கே வர வேண்டும், ஐயா.

1991இல் தீபா தன்ராஜ் எடுத்த 'சம்திங் லைக் எ வார்' குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைப் பற்றியது. கருத்தடை முகாமில் ஒரு மருத்துவர் தன் வேகத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். இன்னொரு பக்கம் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தங்கள் உடம்பைப் பற்றித் தாங்களே பேசுகிறார்கள். இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார், அவ்வளவுதான். எந்த வில்லனை வைத்து இதைச் சொல்வீர்கள்?

நம்ம புதுக்கோட்டைக்கு வாருங்கள். ஜமாஅத்தில், அதாவது பள்ளிவாசலைச் சார்ந்த ஊர்ச் சபையில், ஆண்களே கூடி மணவிலக்கையும் வரதட்சணையையும் தீர்மானித்துக்கொண்டிருந்தபோது, ஷரீஃபா கானம் முன்னின்று பெண்கள் ஜமாஅத்தைத் தொடங்கினார். 2011இல் வந்த தீபா தன்ராஜின் 'இன்வோக்கிங் ஜஸ்டிஸ்' அந்தப் பெண்களைப் பின்தொடர்கிறது. கண்ணீரோடு மூலையில் உட்கார்ந்திருக்கும் முஸ்லிம் பெண்ணைத் திரையில் எத்தனை முறை பார்த்துவிட்டோம்! இவர்கள் வழக்கை விசாரிக்கிறார்கள், எதிரில் இருப்பவரைக் கேள்வி கேட்கிறார்கள்.

எதிரணிக்கு ஒரே ஒரு கேள்வி. நீங்கள் கொண்டாடும் கதைப்படங்களில், "எங்கள் வாழ்க்கை இப்படி இல்லை, இந்தக் காட்சி வேண்டாம்" என்று அந்தப் பெண்கள் சொல்லி ஒரு காட்சியாவது மாறியதுண்டா? ஒரு படத்தைச் சொல்லுங்கள், போதும். அடுத்து வரும் அக்கா மைக்கைப் பிடித்ததும் அந்தப் படத்தின் பெயரிலிருந்தே ஆரம்பிக்கட்டும்.