ஆவணியில் புல்லில் வட்டம் விழுந்தால்

[காட்சி: விடியற்காலை. கமெரா புல்தரையை ஒட்டி நகர்கிறது.]

காலை ஆறு மணி. வெயில் இன்னும் ஏறவில்லை. புல்லின் மேல் சிலந்திவலை மாதிரி வெள்ளையாக ஒன்று படர்ந்திருக்கிறதே, அதைப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் காய்ந்து மறைந்துவிடும். பிறகு வருபவருக்கு வெளிறிய சிறு வட்டங்கள் மட்டும்தான் தெரியும். “கச்சான் காற்று அடித்துக் காய்ந்துவிட்டது” என்று மாலையில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடுவார். பிழை அங்கேதான் தொடங்குகிறது. அந்த வெள்ளை, புல்லில் நோய் உண்டாக்கும் பங்கசு, அதாவது பூஞ்சை.

திருகோணமலையில் மே முதல் செப்ரெம்பர் வரை மழை குறைவு. மலைநாட்டின் மறுபக்கத்தில் ஈரத்தைக் கொட்டிவிட்டுக் கச்சான் இங்கே சூடாக இறங்குகிறது. சீனக்குடாவின் கோல்ஃப் மைதானமோ, நிலாவெளி விடுதியின் முற்றமோ, எங்கும் புல் நிற்பது நாம் விடும் தண்ணீரில்தான். மழையே இல்லாத நாளில் பங்கசுக்கு ஈரம் எங்கிருந்து வருகிறது? அதே தண்ணீரிலிருந்துதான். மாலையில் நனைத்த இலை, காற்று விழுந்த இரவில் விடியும் வரை காயாது. பங்கசுக்கு வேண்டியது அந்த நீண்ட ஈரம்தான்.

[காட்சி: உள்ளங்கையில் ஒரு புல் இலை.]

இந்த நோய்க்கு டொலர் ஸ்பொட் என்று பெயர். குட்டையாக வெட்டிய கிரீனில், அதாவது கோல்ஃப் குழியைச் சுற்றிய புல்தரையில், வட்டங்கள் பழைய வெள்ளி டொலர் அளவில் விழுவதால் வந்த பெயர். இலையை வெளிச்சத்தில் பிடியுங்கள். குறுக்கே வைக்கோல் நிறத்தில் ஒரு பட்டை, அதன் இரு கரையிலும் செம்பழுப்புக் கோடு. இருந்தால் நோய்.

இல்லையென்றால் மண்ணைப் பாருங்கள். ஒரு சிறு மண்துண்டைத் தோண்டி எடுத்து அதன் மேல் ஒரு சொட்டு நீர் விடுங்கள். உறிஞ்சாமல் முத்துப்போல் நின்றால் மணல் நீரைத் தள்ளுகிறது. அதற்குப் பங்கசுநாசினி அடிப்பது வீண்காசு. முள்ளால் குத்தி, ஈரமூட்டும் மருந்து கலந்து, மெதுவாக நீர் இறக்க வேண்டும்.

சரி, நோய்தான் என்றால்? முதலில் தண்ணீர் விடும் நேரத்தை மாற்றுங்கள். விடியுமுன் விடுங்கள். பனியால் எப்படியும் நனைந்திருக்கும் நேரம் அது, வெயில் வந்ததும் காய்ந்துவிடும். காலையில் இரண்டு பேர் ஒரு நீளக் கயிற்றைப் புல்லின் மேல் இழுத்துப் போனால் பனித்துளி உதிர்ந்துவிடும். செலவில்லாத இந்த வேலையைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக நம்புகிறேன். பசியில் கிடக்கும் புல்லைத்தான் இந்த நோய் தேடிப் பிடிக்கும், அதனால் தழைச்சத்துப் பசளையைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். வெட்டும் அலகு கூராக இருக்கட்டும்.

இன்னொன்று. வெளிநாட்டு மருந்து அட்டவணைகள் பல, குளிர்நாட்டுப் புல்லுக்கு எழுதியவை. வெப்பநாட்டுக் கோல்ஃப் மைதானங்களில் பெரும்பாலும் வளர்வது நம் அறுகும் அதன் கலப்பினங்களும். பிள்ளையாருக்கு வைக்கிறோமே, அதே அறுகு! அந்த அட்டவணையை அப்படியே எடுக்காதீர்கள். மருந்து அடித்தே ஆகவேண்டுமென்றால் ஒரே வகையைத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள், பங்கசு பழகிவிடும்.

[காட்சி: மாலை இடிமழை. பள்ளத்தில் தேங்கிய நீர்.]

கோடை முடிந்து முதல் இடிமழை விழுந்ததும் பித்தியம் என்ற இன்னொரு புல்நோய் வரலாம். புல் கறுத்து, தொட்டால் எண்ணெய் பிசுக்காக இருக்கும். இது உண்மையான பங்கசு அல்ல, அதனால் வழக்கமான மருந்துகள் பல இதைத் தொடாது. தண்ணீரோடும் மெசின் சக்கரத்தோடும் பரவும். அன்றைக்கு ஈரம் காயும் வரை அந்தப் பக்கம் மெசினை இறக்காதீர்கள். பள்ளத்து நீரை வடியவிட மண்வெட்டியோடு போங்கள்.