நூறு பிள்ளைக்கு ஐந்து கிலோ

நேயர்களுக்கு வணக்கம். பள்ளிக்கூடத்து மதிய உணவையும் சுற்றுவட்டார விவசாயத்தையும் இணைப்பது பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டபோது, என் நினைவுக்கு முதலில் வந்தது ஒரு கத்தரிக்காய்தான். சேரன்மகாதேவி வட்டாரத்தில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள ஓர் ஊரின் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கால்வாய்க்குக் கீழே நெல்லும் வாழையும். கால்வாய் எட்டாத மேட்டில், கிணற்றை நம்பிக் காய்கறி போடுகிறவர்கள். எங்கள் பள்ளியின் மேற்குச் சுவரை ஒட்டி அப்படி ஒருவருடைய தோட்டம் இருந்தது. அவர் விடியற்காலையில் பறித்த கத்தரிக்காய் மூட்டையாகி, லோடு வண்டியில் ஏறி, திருநெல்வேலி டவுன் நயினார்குளம் மார்க்கெட்டுக்குப் போய் ஏலத்தில் விலையாகி, அங்கிருந்து சில்லறைக் கடைக்காரர் கைக்கு மாறி, மறுநாள் எங்கள் ஊர்க் கடைக்கே திரும்பி வந்து சேரும். அந்தக் கடையில்தான் எங்கள் சத்துணவு அமைப்பாளர் காய் வாங்குவார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வர அந்தக் கத்தரிக்காய்க்கு ஒன்றரை நாள் ஆயிற்று. விளைவித்தவருக்குக் கிடைத்த விலைக்கும் அமைப்பாளர் கொடுத்த விலைக்கும் இடையே பாதிக்குப் பாதி வித்தியாசம் இருந்த நாட்களும் உண்டு.

இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. வண்டிக்காரர், ஏலக்காரர், கடைக்காரர் எல்லாரும் தத்தம் பிழைப்பைப் பார்க்கிறார்கள். எனக்கு உறுத்தியது வேறு. மூட்டையில் கசங்கி, ஒரு பக்கம் கறுத்துப்போன காயைச் சமையலர் வெட்டும்போது, அதே காய் பளபளவென்று செடியில் தொங்குவது சமையலறை ஜன்னல் வழியாகத் தெரியும்.

சத்துணவுக் கூடத்திற்கு என்னென்ன எங்கிருந்து வருகிறது என்பது வெளியிலிருப்பவர்கள் பலருக்கும் தெரியாது. அரிசியும் பருப்பும் எண்ணெயும் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் வழியாக வருகின்றன. முட்டை ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறது. காய்கறி, மளிகைச் சில்லறை, எரிபொருள் ஆகியவற்றுக்கு மட்டும் பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவு என்று காசு வருகிறது. அதை அமைப்பாளர் ஊரிலேயே செலவிடுகிறார். இந்த நாளில் இந்தக் கலவைச் சாதம் என்று அரசு பட்டியல் போட்டிருந்தாலும், அதில் எந்தக் காய் விழ வேண்டும் என்பது பெரும்பாலும் அமைப்பாளர் கையில்தான் இருக்கிறது. விவசாயத்தை உள்ளே கொண்டுவர ஒரு வாசல் உண்டென்றால் அது இதுதான்.

அந்த வாசலின் அளவைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். பள்ளி மதிய உணவுக்கான தேசிய விதிப்படி, தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி. ஆறு முதல் எட்டு வரை படிக்கிற பிள்ளைக்கு 150 கிராம் தானியம், 30 கிராம் பருப்பு, 75 கிராம் காய்கறி. அப்படியானால் தொடக்கப் பள்ளியில் நூறு பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஐந்து கிலோ காய் வேண்டும். லாரி வைத்து வியாபாரம் செய்கிறவர் இந்த ஐந்து கிலோவைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். சைக்கிள் கேரியரில் ஒரு பை கட்டிக்கொண்டு வருகிறவருக்கோ அது அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும். பள்ளிக்கூடத்தின் தேவையும் சிறு விவசாயியின் விளைச்சலும் ஒரே அளவினவாக இருந்தும், இரண்டும் சந்திக்காமல் நயினார்குளம் வரை போய்வருகின்றன என்பதுதான் நான் இன்று சொல்ல வந்த செய்தி.

இந்தத் திட்டம் தொடங்கிய விதமே வேறாக இருந்தது. சென்னை மாநகராட்சி 1920-இல் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் பிட்டி தியாகராயர் காலத்தில் தொடங்கியதை முதல் முயற்சி என்பார்கள். மாநிலம் தழுவிய மதிய உணவுத் திட்டத்தைக் காமராசர் 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கிவைத்தார். தூத்துக்குடி மாவட்டம் பிரிவது 1986-இல்தான் என்பதால் எட்டயபுரம் அன்றைக்கு நம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அரசின் பங்கோடு ஊராரின் பங்கும் சேர்ந்தே அன்று உலை கொதித்தது. நெல்லாகவும் தானியமாகவும் காயாகவும் ஊர் கொடுத்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக அதை விரித்த பிறகு, அரசே முழுப் பொறுப்பையும் ஏற்றது. பிள்ளை பட்டினி கிடப்பது ஊர்க்காரர் மனத்தைப் பொறுத்ததாக இருக்கலாகாது என்பதால் அது சரியான முடிவுதான். ஆனால் ஊர் மெல்ல விலகிக்கொண்டது என்பதும் உண்மை. இன்று பள்ளியின் சமையற்கட்டில் என்ன வேகிறது என்று ஊரில் கேட்பாரில்லை.

ஐந்து கிலோவை நேரடியாக வாங்கிவிட்டால் போயிற்று என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சியிடம் பேசி, மூன்று வாரம் வாங்கியும் பார்த்தோம். காய் நன்றாக இருந்தது. பிள்ளைகள் தட்டில் ஒதுக்குவது குறைந்தது. தடுக்கியது கணக்கில். தணிக்கைக்கு வந்த ஒருவர், அண்ணாச்சி நோட்டுத்தாளைக் கிழித்து எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்த சீட்டுகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது ரசீதா, கடிதமா?" என்று கேட்டார். விலை சரியான விலைதான் என்பதற்கு என்ன சான்று, இவர் விவசாயிதான் என்பதற்கு என்ன சான்று என்று அடுத்தடுத்துக் கேள்விகள் வந்தன. கேள்விகளில் தவறில்லை. பதில் என்னிடம் இல்லாததால், மறுவாரம் அமைப்பாளர் பழைய கடைக்கே போய்விட்டார். அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு பல நாள் பள்ளிப் பக்கம் பார்க்காமலே நடந்துபோவார்.

பதில் பாளையங்கோட்டை மகாராஜநகர் உழவர் சந்தையில் இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது. உழவர் சந்தை, 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிப் பிற ஊர்களுக்கும் பரவிய ஏற்பாடு. அங்கே கடை போடும் விவசாயிக்கு, அவர் நிலத்தையும் பயிரையும் அலுவலர்கள் பார்த்துச் சான்று சொன்ன பிறகு, புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை தருகிறார்கள். மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழும் இருக்கும்படி ஒவ்வொரு காய்க்கும் அன்றாட விலையைப் பலகையில் எழுதிவைக்கிறார்கள். தணிக்கையாளர் கேட்ட இரண்டு சான்றுகளும் இவைதாமே. உழவர் சந்தை அட்டை உள்ள விவசாயி, தம் ஊர்ப் பள்ளிக்குத் தரும் காய்க்கு அன்றைய பலகை விலையே விலை என்று ஓர் ஆணை வந்துவிட்டால், அமைப்பாளருக்கும் பயமில்லை, விவசாயிக்கும் நட்டமில்லை. அட்டை எண், எடை, விலை, கையொப்பம் என்று நான்கு கட்டம் அச்சிட்ட ஒரு சிறு ரசீதுப் புத்தகம் போதும். இதற்கென்று தனி நிதி ஒதுக்கவும் வேண்டியதில்லை. ஏற்கெனவே செலவாகிற பணம்தான்.

பிரேசில் நாட்டில் 2009-ஆம் ஆண்டில் இதைச் சட்டமாகவே செய்தார்கள். பள்ளி உணவுக்கு நடுவண் அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைக் குடும்ப விவசாயிகளிடம் பொருள் வாங்கவே செலவிட வேண்டும் என்று அன்று விதித்தார்கள். உள்ளூர்ச் சந்தை விலையை ஒட்டி இருந்தால் ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டியதில்லை. அந்த இரண்டாவது விதி இல்லாமல் முதல் விதியால் பயன் இராது என்பது, நோட்டுத்தாள் ரசீதோடு தணிக்கையில் உட்கார்ந்தவனுக்கு நன்றாகவே விளங்கும்.

இனிப் பள்ளித் தோட்டத்திற்கு வருகிறேன். பள்ளிகளில் சத்துணவுத் தோட்டம் அமைப்பதற்கு 2019-இல் நடுவண் அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. நல்ல எண்ணம்தான். எனினும் தோட்டமே பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிடும் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாளைக்கு ஐந்து கிலோ என்றால் இருநூறு பள்ளி நாட்களுக்கு ஒரு டன். மணியடித்தால் வீட்டுக்குப் போகிற பிள்ளைகளும் கோடை விடுமுறையும் மேய்கிற ஆடுகளும் உள்ள நான்கைந்து செண்ட் நிலம் ஒரு டன் காய் தராது. அப்படி எதிர்பார்த்து ஆரம்பிக்கும் தோட்டங்கள் முதல் மே மாதத்திலேயே காய்ந்துபோவதைப் பல பள்ளிகளில் பார்த்திருக்கிறேன். எங்கள் பள்ளியிலும் இரண்டு முறை அப்படித்தான் நடந்தது.

மூன்றாம் முறை, மே மாதத்தைத் தாங்குவதை மட்டும் வைத்தோம். முருங்கை, கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை, தட்டும் கையும் கழுவுகிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் வாழையும் சேம்பும். ஒரு பிள்ளை தட்டுக் கழுவ இரண்டு லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும் நூறு பிள்ளைக்கு இருநூறு லிட்டர். அத்தனையும் அதுவரை விளையாட்டு மைதானத்தில் சேறாகிக்கொண்டிருந்தது. முருங்கையை இடுப்பளவில் வெட்டிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வெட்டினால்தான் புதர்போலத் தழையும். உயர விட்டால் பிள்ளைகள் ஏறுவார்கள், அந்தக் கொம்போ சொல்லாமல் முறியும். முருங்கை பருத்தால் தூணாகுமா என்று கேலி பேசுவார்கள். எங்களுக்குத் தூண் தேவைப்படவில்லை.

கீரை உருவுவதுதான் பெரிய வேலை. நூறு பேருக்கான முருங்கைக் கீரையை உட்கார்ந்து உருவினால் சமையலருக்கு அந்தக் காலைப்பொழுது போய்விடும். எங்கள் சமையலர் ஆச்சி அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். முந்திய நாள் சாயங்காலம் கொம்புகளை ஒடித்து, பழைய வேட்டியில் சுற்றி, மூலையில் சாத்திவைப்பார். காலையில் வேட்டியை விரித்து இரண்டு உதறு உதறினால் இலை தானாக உதிர்ந்து கிடக்கும், ஈர்க்கு கையோடு வந்துவிடும். "கீரைக்கு நாம கஷ்டப்படக் கூடாது சார்வாள், ராத்திரி அதுவே கஷ்டப்படட்டும்" என்பார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த உதறலைப் பார்ப்பதற்கென்றே சீக்கிரம் வந்து நிற்பார்கள்.

கீரையைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் சரிபாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. முருங்கைக் கீரையை இதற்கு மருந்து என்று மேடையில் சொல்வது வழக்கமாகிவிட்டது. கீரையில் இரும்புச்சத்து உண்டு. ஆனால் உடம்பு அதில் சிறு பங்கைத்தான் ஈர்த்துக்கொள்கிறது. எலுமிச்சை, நெல்லிக்காய் போன்றவற்றில் உள்ள உயிர்ச்சத்து சி உடன் சேர்ந்தால் கூடுதலாக ஈர்க்கும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் குறையும். எனவே கீரைச் சோற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழிவது ருசிக்காக மட்டுமல்ல. கொதிக்கும்போது பிழிந்தால் பயன் குறையும். புளியங்குடி எலுமிச்சை பக்கத்தில் விளைகிற நமக்கு இது எட்டாத செலவும் இல்லை.

எந்தக் காயை வாங்குவது என்பதிலும் நமக்கு ஒரு மயக்கம் உண்டு. கேரட்டும் பீன்ஸும் போட்டால்தான் சத்துணவு என்று பலர் நினைக்கிறார்கள். அவை மலையிலிருந்து இறங்கி வருபவை. மார்கழி, தை மாதங்களில் கடையம், பாவூர்சத்திரம் பக்கத்தில் சிறுகிழங்கு தோண்டி எடுக்கிறார்கள். பொங்கல் நேரத்தில் நம் வீடுகளில் அது இல்லாமல் இருக்காது. பள்ளிச் சமையலில் மட்டும் எட்டிப் பார்ப்பதில்லை. மண் போகத் தேய்த்துத் தோல் உரிக்க நேரமாகும் என்று அமைப்பாளர்கள் சொல்வது நியாயம்தான். கிழங்கைச் சாக்கில் போட்டுத் தண்ணீர் விட்டுக் கல்லில் புரட்டினால் பாதித் தோல் கழன்றுவிடும் என்பதும் நம் ஊர்ப் பெண்களுக்குத் தெரிந்ததுதான். தக்காளி விலை விழுந்து, பறிகூலிக்கே கட்டாமல் ஆலங்குளம் பக்கத்தில் தக்காளியைக் கொட்டிவிட்டுப் போகிற நாட்களில்கூட, பள்ளிக்கூடத்துத் தக்காளிச் சாதம் நாலு தக்காளியில் வெளுத்துக் கிடப்பதற்கு என்ன காரணம் சொல்வது?

நம் சீமைக்கென்று கூட்டாஞ்சோறு இருக்கிறது. அரிசியும் துவரம்பருப்பும், முருங்கைக் கீரை, கத்தரிக்காய், வாழைக்காய், அவரை, மாங்காய் என்று அன்றைக்குக் கிடைத்ததெல்லாம், தேங்காயும் சீரகமும் வற்றலும் சின்ன வெங்காயமும் அரைத்துவிட்டு ஒரே பாத்திரத்தில் வேகிற சோறு. பிள்ளைகள் விளையாட்டாக வீட்டுக்கு ஒரு பிடி கொண்டுவந்து மரத்தடியில் ஆக்குவதற்கும் அதுதான் பெயர். எந்தக் காய் மலிவோ அதை ஏற்றுக்கொள்கிற சமையல் இதைப்போல் வேறில்லை. அரசுப் பட்டியலில் வாரம் ஒரு நாள் இதற்கு இடம் கிடைத்தால், திருநெல்வேலி, தென்காசி மாவட்டப் பள்ளிகளுக்கு அந்தந்த வாரத்து விளைச்சலையே வாங்க முடியும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் காய்கறிச் சாம்பார் சேர்கிறது என்பதால், ஐந்து கிலோ என்ற கணக்கும் இனி உயரத்தான் போகிறது. காலையில் பிள்ளைகள் வருவதற்குள் ஆக வேண்டிய சமையலுக்கு முந்திய நாள் மாலையில் பறித்த காய் வேண்டும். அதைப் பக்கத்துத் தோட்டத்தைவிட எளிதாக யார் தர முடியும்?

மருந்து தெளித்த காயைப் பற்றிப் பெற்றோர் கேட்பார்கள். தெளித்த பின் இத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று மருந்துப் பெட்டியிலேயே போட்டிருக்கும். யார் தோட்டம் என்று தெரியாத மார்க்கெட் காயில் அதை யாரிடம் கேட்பது? தம் பேரன் அதே பந்தியில் உட்காருகிறான் என்னும்போது பக்கத்துத் தோட்டக்காரர் அந்த நாட்களை எண்ணுவார்.

ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டு, உழவர் சந்தை அட்டை வாங்கிவிட்டு வந்த அதே அண்ணாச்சியிடம் மீண்டும் காய் வாங்கத் தொடங்கினோம். இம்முறை கணக்கு தடுக்கவில்லை. வேறொன்று தடுக்கியது. "சார்வாள், வெண்டைக்காயை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கணும். சனி, ஞாயிறு உங்களுக்கு லீவு, செடிக்கு ஏது லீவு?" என்றார். சனிக்கிழமைக் காயை அவர் சந்தைக்குக் கொண்டுபோனார். காலாண்டு விடுமுறையில் தொடர்ந்து மழை பிடித்துக்கொள்ள, பறிக்க ஆளில்லாமல் இரண்டு பாத்தி வெண்டைக்காய் முற்றி நாராகிவிட்டது. பள்ளி திறந்த அன்று வெறுங்கையோடு வந்து நின்றார். அடுத்த ஆடியில், அந்த முற்றிய காய்களை உலர்த்தி உடைத்து எடுத்த விதையை ஒரு நோட்டுத்தாளில் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து, ஆறாம் வகுப்புக்கென்று கொடுத்தார்.