பிள்ளை சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். "அம்மா, சுவரெல்லாம் பொடிப் பொடியா ஓடுது" என்று பிள்ளை சொன்னால், பல வீடுகளில் முதலில் செல்போனைப் பிடுங்கி வைப்பார்கள். பிறகு கண் டாக்டர். பிள்ளை கடைசி வரி எழுத்துவரை வாசித்துவிடும். பவர் இல்லை என்று அனுப்பிவிடுவார்கள். அதற்கப்புறம் அது என்ன சொன்னாலும் பள்ளிக்கூடம் போகாமலிருக்கச் சாக்கு என்றாகிவிடுகிறது. எனக்கு மனம் பொறுக்காத விஷயம் இது.

கண் வாங்கி அனுப்புவதை மூளைதான் பிரித்துப் பார்க்கிறது. அங்கே கோளாறு என்றால் எழுத்துப் பலகையில் அது தெரியாது. 'விஷுவல் ஸ்னோ' அப்படிப்பட்டது. பழைய டி.வி.யில் சிக்னல் போனால் வருமே, அதுபோன்ற புள்ளிகள் பார்வை முழுக்க, மூன்று மாதத்துக்கு மேல், ஓயாமல் இருக்கும். கூடவே நகர்ந்துபோன பொருளின் சாயல் நிற்பது, மிதக்கும் இழைகள் அதிகம் தெரிவது, வெளிச்சம் கூசுவது, இருட்டில் தடுமாறுவது, இவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். 2014-ல்தான் இதற்கு முறையான வரையறை வந்தது. சிறு வயது முதலே இருந்தால், எல்லாருக்கும் உலகம் இப்படித்தான் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். சொல்லவே சொல்லாது.

"புள்ளி தெரியுதா?" என்று எடுத்துக் கொடுக்காதீர்கள்; பிள்ளைகள் ஆமாம் போட்டுவிடுவார்கள். பென்சிலைக் கொடுத்து வரையச் சொல்லுங்கள். ஒரு சிறுமி வகுப்புக் கரும்பலகையை வரைந்தாள். அதன் மேல், டீச்சர் முகத்தையும் விடாமல், தாளின் ஓரம்வரை பென்சில் நுனியால் குத்திக்கொண்டே போனாள். வெற்றிடம் ஒன்றுகூட இல்லை. என் கேள்விகளுக்குக் கிடைக்காத பதில் அந்தத் தாளில் இருந்தது.

அடுத்து, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று பாருங்கள். வண்ண வட்டங்கள் சில விநாடிகள் வந்து போனால் வலிப்பாக இருக்கலாம், மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. எடுப்போம். நெளிகோடுகள் மெல்லப் பரவி, ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் பெரும்பாலும் மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலி. காய்ச்சலுக்குப் பின் அம்மாவின் முகம் சிறுத்துப்போய்த் தெரிந்தால் வைரஸ் காரணமாகலாம். அநேகமாகத் தானே சரியாகிவிடும்.

எதுவானாலும், கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்வை நரம்பில் வீக்கம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். காலையில் தலைவலியோடு வாந்தி, புதிதாக மாறுகண், நடையில் தள்ளாட்டம், ஒரு கண்ணில் மட்டும் திடீர் மங்கல், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.