தங்கியதா, தாங்கியதா?

நடுவர் ஐயா அவர்களே, எதிரே முறைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, வெளியே வடை ஆறிக்கிட்டு இருந்தும் எழுந்து போகாத பெரியோர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

இங்கிலாந்து கால்பந்தின் மேல் டிவிஷனில் ஒரு கிளப் வேரூன்றிடுச்சுன்னு எதை வெச்சுச் சொல்றது, தங்கிய ஆண்டுகளா, தாங்கும் திறனா? இதுதான் தலைப்பு. ஒரு நெடில் எழுத்து வித்தியாசத்துக்காக இத்தனை பேர் சனிக்கிழமை மேட்சை விட்டுட்டு வந்திருக்கோம். நான் தாங்கும் திறன் பக்கம்.

எனக்கு முன்னாடி பேசின எதிரணித் தலைவர் அண்ணன் ஒரு கணக்கு சொன்னார், நல்லா கைதட்டினீங்க. "சில வருஷம் வேலை பார்த்து வரி கட்டினா குடியேற்றத்தைப் பார்க்கிற ஹோம் ஆபீஸே நம்மளை நிரந்தரமா இருந்துக்கோன்னு சொல்லுது. கிளப்புக்கு நான் பத்து சீசன் தர்றேன். பத்து சீசன் கீழே இறங்காம இருந்தா அது வேரூன்றின கிளப்தான்" என்றார். அண்ணே, ஹோம் ஆபீஸ் ஒரு கடிதம் கொடுக்கும். அதை பீரோவுல துணிக்கு அடியில வெச்சுப் பூட்டிட்டா போதும். கால்பந்துல அந்தக் கடிதத்தை எவனும் தர்றதில்லையே! ஒவ்வொரு ஆகஸ்ட்லயும் இருபது டீமுக்கும் பூஜ்யம். மே மாசம் கடைசி மூணு டீம் பெட்டியைக் கட்டிக்கிட்டுக் கீழ் டிவிஷனுக்குப் போகணும். போன வருஷம் நல்லா ஆடினியேன்னு ஒரு பாயின்ட்கூட கைமாத்தா கிடைக்காது.

சரி, அண்ணன் போட்ட பத்து சீசன் கணக்கையே எடுத்துக்குவோம். ஸ்டோக் சிட்டி 2008ல மேலே வந்தது. ரோரி டெலாப் பக்கவாட்டுக் கோட்டுல நின்னு பந்தைத் துண்டால துடைச்சு வீசினா நேரா கோல் முன்னாடி போய் விழும். ஆர்சனலே அங்கே போக அலுத்துக்கும். அப்புறம் மூணு சீசன் தொடர்ந்து ஒன்பதாவது இடம். வேரூன்றின கிளப்னு பத்திரிகைக்காரங்க எழுதாத வாரம் கிடையாது. சண்டர்லாந்து 2007ல வந்தது. சண்டர்லாந்து இறங்கினது 2017ல, ஸ்டோக் இறங்கினது 2018ல. விரல் விட்டு எண்ணிப் பாருங்க, ரெண்டு பேருக்குமே அது சரியா பத்தாவது சீசன்! அண்ணன் சான்றிதழ்ல கையெழுத்துப் போடப் பேனாவை எடுக்குறார், அவங்க மூட்டையைக் கட்டுறாங்க. அதுவும் சண்டர்லாந்து ஒரு படியோட நிக்கலை, அடுத்த வருஷமே மூணாவது டிவிஷனுக்குப் போயிடுச்சு.

"பத்து போதாது, கூட்டிக்கோங்க"ன்னு சொல்வீங்க. எவ்வளவு கூட்டட்டும்? கவன்ட்ரி சிட்டி 1967ல மேலே வந்து 2001 வரைக்கும் இறங்கவே இல்லை. 34 வருஷம், ஐயா! மேலே வந்த வருஷம் பொறந்த பிள்ளைக்குக் கல்யாணமாகி, அவன் பிள்ளையும் ஸ்கார்ஃப் கட்டிக்கிட்டு மைதானத்துக்குப் போயிருப்பான். ஆஸ்டன் வில்லாவோட வில்லா பார்க் மைதானத்துல ரெண்டு கோல் முன்னிலையில இருந்து 3-2ன்னு தோத்தாங்க, இறங்கினாங்க. இறங்கினது பெரிசில்லை, மான்செஸ்டர் யுனைடெட்கூட 1974ல இறங்கிட்டு ஒரே வருஷத்துல திரும்பி வந்தது. கவன்ட்ரிக்கு அதுக்கு அப்புறம் நடந்ததைக் கேளுங்க. 2005ல பழைய ஹைஃபீல்ட் ரோடு மைதானத்தை விட்டுப் புது மைதானத்துக்குப் போனாங்க. அது அவங்களுக்குச் சொந்தமில்லை. வாடகைத் தகராறு முத்தி, 2013ல 'சொந்த மைதான' மேட்சையே நார்தாம்ப்டன்ல போய் ஆடினாங்க. தன் ஊர் டீமைப் பார்க்க ரசிகன் வேற ஊருக்கு வண்டி பிடிக்கணும். 2017ல நாலாவது டிவிஷன். முப்பத்துநாலு வருஷம் மேலே குடியிருந்த கிளப், ஒரு அடி விழுந்ததும் பிடிச்சு நிக்க ஒரு தூண்கூட இல்லாம நாலாவது மாடியில இருந்து தரைக்கு வந்துடுச்சு. இது வேரா, பூந்தொட்டியா?

ஊர்ல இருந்து அம்மா போன் பண்ணினா முதல் கேள்வி, "சாப்பிட்டியா?" ரெண்டாவது, "அங்கே செட்டில் ஆயிட்டியாப்பா?" நான் வந்து ஏழு வருஷம் ஆனப்பவும் அதைத்தான் கேட்டாங்க. ஏழு வருஷம்னு சொன்னா அம்மாவுக்குத் திருப்தி இல்லை. நடுவுல எனக்கு வேலை போய் அஞ்சு மாசம் சும்மா இருந்தேன். வாடகை கட்டினோம், பிள்ளை ஸ்கூலை மாத்தலை, யார்கிட்டயும் கை நீட்டலை. அதை ரொம்ப நாள் கழிச்சு அம்மாகிட்ட சொன்னேன். அதுக்கு அப்புறம் அந்தக் கேள்வி வரவே இல்லை.

நம்ம தெற்கு லண்டன்லயே சார்ல்டன்னு ஒரு கிளப் இருக்கு. ஆலன் கர்பிஷ்லி பதினஞ்சு வருஷம் அங்கே மேனேஜர், டீமை நடத்துற பயிற்சியாளர். 2000ல மேலே கொண்டுவந்தார், 2004ல ஏழாவது இடம். கச்சிதமா, அமைதியா நடத்தின கிளப். 2006ல அவர் போனார். அடுத்த ஒரே சீசன்ல மூணு மேனேஜர் வந்தாங்க, கிளப் இறங்கிடுச்சு. 2009ல மூணாவது டிவிஷன். ஏழு வருஷமா மேலே தங்கினது யாரு, கிளப்பா, கர்பிஷ்லியா?

பெரிய ஆளுங்களும் தப்பலை. லீட்ஸ் யுனைடெட் 2001ல ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதுற சாம்பியன்ஸ் லீக்ல அரையிறுதி ஆடினது. அடுத்தடுத்த வருஷமும் அந்தப் போட்டியில ஆடுவோம், காசு வரும்னு நம்பிக் கடன் வாங்கி ஆள் எடுத்தாங்க. ரெண்டு சீசன் அந்த இடம் தவறினதும் வட்டிக்காரன் வாசலுக்கு வந்துட்டான், வீரர்களை ஒவ்வொருத்தரா வித்தாங்க, 2004ல இறங்கினாங்க. திரும்பி வர 16 வருஷம். லெஸ்டர் 2016ல லீக் சாம்பியன், 2021ல எஃப்.ஏ. கோப்பை. 2020லயும் 2021லயும் அஞ்சாவது இடம். 2023ல கீழே! டீலமன்ஸ் மாதிரி ஆட்டக்காரங்க ஒப்பந்தம் முடிஞ்சு, கிளப்புக்கு ஒரு பைசா வராம நடந்து போனாங்க. வித்திருக்க வேண்டிய நேரத்துல விக்காதவங்க கதை அது.

இந்த டிவிஷன்ல கடைசி இடத்துல முடிக்கிற கிளப்புக்கே லீக் மூலமா பத்து கோடி பவுண்டுக்கு மேல வருது. கீழே இறங்கினவனுக்கு பாராசூட் பணம்னு கொஞ்ச வருஷம் கொடுப்பாங்க, வருஷத்துக்கு வருஷம் குறையும். அதனால இங்கே ஒவ்வொரு கிளப்பும் செலவு செய்யறது நாளைக்கு மேலேயே இருப்போம்கிற நம்பிக்கையில. அந்த நம்பிக்கை ஒரு வருஷம் பொய்யானா என்ன மிச்சம்? இதுதான் பரீட்சை. புதுசா வர்றவங்களுக்கு முதல் வருஷமே அந்தப் பரீட்சை. 2023-24லயும் 2024-25லயும் மேலே வந்த மூணு டீமும் வந்த வழியே திரும்பினாங்க.

இந்தப் பரீட்சையில பாஸ் பண்ணின ஒருத்தரைக் காட்டுறேன். அதுக்கு பஸ்கூட ஏற வேண்டாம், இந்த ஹால்ல இருந்து நடக்கிற தூரம். (கைதட்டுறது யாரு? எங்க வீட்டுப் பையன்தான், மன்னிச்சுக்கோங்க.) கிரிஸ்டல் பேலஸ். இவங்க பிரீமியர் லீக்ல (மேல் டிவிஷனுக்கு இப்போ அதுதான் பேர்) முன்னாடி நாலு தடவை ஆடி, நாலு தடவையும் ஒரே சீசன்ல இறங்கினவங்க: 1993, 1995, 1998, 2005. 2010ல திவாலாகி, கிளப்பே இருக்குமான்னு தெரியாத நிலைமை. அவங்க மைதானமான செல்ஹர்ஸ்ட் பார்க்குக்குப் போனவங்களுக்குத் தெரியும், ஒரு ஸ்டாண்டை ஒட்டி செய்ன்ஸ்பரிஸ் கடை நிக்கும். எங்கேயாவது கால்பந்து மைதானத்தை ஒட்டிக் கத்தரிக்காய் விப்பாங்களா? 1980கள்ல கையில காசில்லாம வித்த இடம் அது.

அந்தக் கிளப் 2013ல மேலே வந்தது. அன்னையில இருந்து 2025 வரைக்கும் பன்னிரண்டு சீசன். அதுல பத்தாவது இடத்துக்கு மேலே ஒரு தடவைகூடப் போகலை, பதினஞ்சாவது இடத்துக்குக் கீழே ஒரு தடவைகூட இறங்கலை. எதிரணி உடனே "பார்த்தீங்களா, பன்னிரண்டு வருஷம்"னு துள்ளும். துள்ளாதீங்க. அந்தப் பன்னிரண்டு வருஷத்துக்குள்ள என்னென்ன அடி விழுந்துச்சுன்னு பாருங்க. முதல் சீசன்லயே அக்டோபர்ல மேனேஜர் போனார். டோனி பூலிஸ் வந்து பதினொன்னாவது இடத்துல முடிச்சுக் கொடுத்தார், அடுத்த சீசன் தொடங்க ரெண்டு நாள் இருக்கும்போது அவரும் போயிட்டார்! கல்யாணத்துக்கு முதல் நாள் சமையல்காரர் போன மாதிரி. அந்த சீசன்ல பத்தாவது இடம்.

2017 இன்னும் மோசம். ஃபிராங்க் டி போர் நாலே லீக் மேட்ச்ல வேலையை இழந்தார். ரொய் ஹாட்சன் வந்தார், அவர் பிறந்ததே நம்ம பக்கத்து கிரோய்டன்ல. ஆனாலும் தோல்வி நிக்கலை. முதல் ஏழு மேட்ச், ஏழு தோல்வி. பாயின்ட் பூஜ்யம், சரி, அடிச்ச கோலும் பூஜ்யம்! ஏழு மேட்ச்ல ஒரு கோல் இல்லை. எட்டாவது மேட்ச் அக்டோபர் 14, சனிக்கிழமை, செல்சியோட. அவங்க அப்போ நடப்பு சாம்பியன். எனக்கு டிக்கெட் இல்லை. வீட்டுல கொத்தமல்லி இல்லை. அதே செய்ன்ஸ்பரிஸுக்கு நடந்து போனேன். காய்கறிப் பக்கம் நிக்கிறேன், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, தக்காளி அடுக்கிக்கிட்டு இருந்த பையன் கூடையை அப்படியே வெச்சுட்டு என்னைப் பார்த்தான். அது எங்க பக்கம் அடிச்ச கோலா, அவங்க அடிச்சதான்னு கேட்கவே வேண்டியதில்லை. சீசனோட முதல் கோல், அதுவும் செல்சிக்காரன் தன் வலைக்குள்ளேயே போட்டது. அப்புறம் ஒரு பெருமூச்சு மாதிரி, செல்சி சமன் பண்ணிட்டாங்க. முதல் பாதி முடியற நேரம், நான் கல்லாவுல காசு கொடுத்துக்கிட்டு இருக்கேன், மறுபடியும் சத்தம். காயத்துல இருந்து அன்னைக்குத்தான் திரும்பி வந்த வில்ஃபிரட் ஜாஹா. 2-1. அந்த சீசனை எந்த இடத்துல முடிச்சாங்க தெரியுமா? பதினொன்னு, 44 பாயின்ட்.

அந்த ஜாஹாவே 2023ல ஒரு பைசா வராமப் போனார். லெஸ்டர்ல நடந்தது மாதிரியே. ஆனா இங்கே கிளப் கவிழலை, ஏன்னா அதுக்கு முன்னாடியே ஓலிசேன்னு ஒரு பையனை ரெடிங்ல இருந்து எடுத்து வெச்சிருந்தாங்க. 2024ல அவரும் பயர்ன் மியூனிக் போயிட்டார். அந்த சீசன் முதல் எட்டு மேட்ச்ல ஒரு வெற்றி இல்லை. எங்க வீட்டுல சாப்பாட்டு மேசையில யாரும் பேசலை. அதே சீசன் மே மாசம், வெம்ப்ளியில மான்செஸ்டர் சிட்டியை 1-0ன்னு தோற்கடிச்சு எஃப்.ஏ. கோப்பை, கிளப் வரலாற்றுல முதல் பெரிய கோப்பை! கோல் அடிச்ச எஸேவை மூணே மாசத்துல ஆர்சனலுக்கு வித்தாங்க. இவங்க தங்கினதால தாங்கலை ஐயா, தாங்கினதால தங்கினாங்க.

பிரைட்டனைப் பத்தி எங்க அணித் தோழர் பேசுவார், நான் ஒரு வரி. 2022 செப்டம்பர்ல மேனேஜர் போட்டரை செல்சி தூக்கிக்கிட்டுப் போனது, அந்த சீசன்ல ஆறாவது இடம்.

எதிரணி கையில இன்னும் ஒரு சீட்டு இருக்கு, எனக்குத் தெரியும். எவர்ட்டன். 1954ல இருந்து ஒரு நாள்கூட கீழே இறங்காத கிளப். "இவங்க நிர்வாகம் என்ன லட்சணம்னு உலகத்துக்கே தெரியும், ஆனாலும் வேரூன்றினவங்கதானே"ன்னு கேட்பீங்க. ஒத்துக்கறேன், அந்தக் கேள்வி ராத்திரி என்னையும் தூங்கவிடலை. ஆனா நல்ல நிர்வாகம்னு நான் எங்கே சொன்னேன்? அடியைத் தாங்கணும்னுதான் சொன்னேன். 1994 கடைசி நாள், விம்பிள்டனோட 0-2ல இருந்து 3-2ன்னு ஜெயிச்சுத் தப்பிச்சாங்க. 2023 கடைசி நாள், டூக்கூரே அடிச்ச ஒரே கோல்ல தப்பிச்சாங்க. அதுக்கு அடுத்த சீசன், பண விதியை மீறினதுக்காக முதல்ல பத்து பாயின்ட் பிடுங்கினாங்க, மேல்முறையீட்டுல ஆறாக் குறைஞ்சது, பிறகு இன்னொரு ரெண்டு. மொத்தம் எட்டு பாயின்ட் போயும் பதினஞ்சாவது இடத்துல முடிச்சாங்க. யானை படுத்தாலும் குதிரை மட்டம்னு சும்மாவா சொன்னாங்க? எவர்ட்டன் உங்க சாட்சி இல்லைண்ணே, என் சாட்சி. கூண்டுல ஏத்தினது மட்டும் நீங்க.

மணி அடிச்சுட்டீங்க, முடிச்சுக்கறேன் நடுவர் ஐயா. அடுத்து எதிரணியில இருந்து தங்கச்சி பேச வருது. தங்கச்சிக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பத்து போதாதுன்னு ஸ்டோக் காட்டிடுச்சு. முப்பத்துநாலு போதாதுன்னு கவன்ட்ரி காட்டிடுச்சு. உங்க கட்சிப்படி எத்தனை வருஷம் இருந்தா போதும்? சுத்தி வளைக்காம ஒரு எண்ணைச் சொல்லிட்டுப் பேச்சை ஆரம்பிம்மா, நான் பேனாவோட உட்கார்ந்திருக்கேன். வணக்கம்.